பால்மரமும் கிட்டங்கியும்

சூடுபட்டால் இளகி, கேட்ட வடிவத்தை ஏற்று, ஆறியதும் இறுகிக்கொள்ளும் பொருள்களில் செட்டிநாட்டில் வெகுகாலமாகப் புழங்கியது அரக்கு. உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்த பொன்நகை நசுங்காமலிருக்க ஆசாரிகள் அதை உருக்கி உள்ளே நிரப்பினார்கள். பத்திரக் கட்டின் முடிச்சிலும் தபால் உறையின் வாயிலும் அரக்கைச் சொட்டவிட்டு முத்திரை பதித்தார்கள். அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரந்து வைக்கும் இயற்கைப் பிசின் அது. பாரதக் கதையில் வரும் அரக்கு மாளிகை எளிதில் தீப்பற்றும் என்பது தெரிந்த அளவுக்கு, அரக்கின் இன்னொரு குணம் பலருக்கும் தெரியாது. அதற்கு நினைவு கிடையாது. உருக்கி வேறு அச்சில் வார்த்துவிட்டால், முன்பு இருந்த வடிவத்துக்குத் தானாகத் திரும்பாது.

திரும்பத் தெரிந்த பிசின் கடலுக்கு அப்பால் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் ‘கொண்டுவிக்க’ப் போன மலாய் நாட்டில் இரண்டு வகை மரப்பால்கள் அடுத்தடுத்து உலகச் சந்தையை ஆட்டிவைத்தன. ஒன்று கட்டாபெர்ச்சா, மற்றது ரப்பர். இரண்டையும் இன்றைய வேதியியல் ‘பாலிமர்’ என்கிறது. சிறு அலகுகள் சங்கிலியாகக் கோத்த நெடிய மூலக்கூறு என்று அதற்குப் பொருள். செட்டிநாட்டு முதல் இந்தப் பிசின்களின் விலையோடு இரண்டு மூன்று தலைமுறை புரண்டது. பிசினின் குணத்தை அறியும் வேலைக்கு அந்த முதலில் ஒரு பகுதி திரும்பியது பிற்பாடுதான்.

கட்டாபெர்ச்சா முந்தியது. மலாய்க்காரர்கள் ‘கெத்தா பெர்ச்சா’ என்ற அந்த மரப்பாலை வெந்நீரில் இட்டு இளக்கி, பாராங் கத்திகளுக்குப் பிடி செய்தார்கள், சாட்டை திரித்தார்கள். சிங்கப்பூரில் அறுவை மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்காமரி அதைக் கவனித்து, 1843-இல் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்தில் அது பிசைந்த மாவுபோல் ஆகும். ஆறினால் தோல்போல் கெட்டிப்படும். உப்புநீர் அதை அரிப்பதில்லை, மின்சாரமும் அதன் வழியே கசிவதில்லை. 1847 வாக்கில் ஜெர்மானியரான வெர்னர் சீமென்ஸ் தந்திக் கம்பிக்கு உறையாக அதைப் பயன்படுத்தினார். அதன்பின் கடலடித் தந்தி வடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மேலுறை ஆயிற்று.

1871-இல் சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் கடலடித் தந்தியால் இணைந்தன. கப்பல் தபாலுக்கு வாரக்கணக்கில் காத்திருந்த வணிகத்துக்கு அது பெரிய மாறுதல். சரக்கு விலை ஏறியதும் இறங்கியதும் அன்றைக்கே தெரிந்தது. ஊரிலிருக்கும் முதலாளியின் உத்தரவு, வட்டிக்கடையிலிருக்கும் மேலாளுக்கு ஒரு நாளில் கிடைக்க வழி பிறந்தது. அந்தச் செய்தி ஓடிய செப்புக் கம்பியைக் கடல்நீரிலிருந்து காத்தது மலாய்க் காட்டின் பிசின்.

அதற்கான விலையைக் காடு கொடுத்தது. ரப்பர் தரும் பால்மரத்தைக் கீறிப் பால் எடுப்பதுபோல் கட்டாபெர்ச்சாவை எடுக்க இயலாது. கீறலிலேயே பால் உறைந்துவிடும். மரத்தை அடியோடு வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டி, கசிந்ததைச் சுரண்டினார்கள். பெரிய மரம் ஒன்று தந்தது சொற்பம். சிங்கப்பூர்த் தீவிலும் சுற்றுவட்டாரத்திலும் அந்த மரம் சில ஆண்டுகளிலேயே அரிதாகிவிட்டது. தீபகற்பத்துக் காடுகளும் நூற்றாண்டு முடிவதற்குள் வெறிச்சோடின.

ரப்பரின் கதை அமேசான் காட்டில் தொடங்குகிறது. ஐரோப்பியர் அதை முதலில் பென்சில் கோட்டை அழிக்கத்தான் வைத்திருந்தார்கள். 1823-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மாக்கின்டாஷ் துணியில் ரப்பரைப் பூசி மழைக்கோட்டு செய்தார். கோடையில் அது கையில் ஒட்டியது, பனியில் விறைத்து வெடித்தது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சுடவைத்தபோது அந்தக் குறை தீர்ந்தது. கந்தகம் ஒரு சங்கிலிக்கும் பக்கத்துச் சங்கிலிக்கும் இடையே முடிச்சுப் போடுகிறது. முடிச்சு விழுந்த ரப்பர் இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கே வரும். சங்கிலிகள் நழுவி ஓட வழியில்லை.

ஆனால் ரப்பரின் மிக விசித்திரமான குணத்தைக் குட்இயருக்கு வெகு முன்பே ஒருவர் கண்டுகொண்டார். இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் காஃப் பார்வையற்றவர். 1805-இல் வெளிவந்த அவருடைய குறிப்புகள் மூன்று செய்திகளைச் சொல்லின. ரப்பர்த் துண்டை உதட்டில் வைத்துக்கொண்டு வெடுக்கென்று இழுத்தால் சுடுகிறது, விட்டால் குளிர்கிறது. எடை தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்குகிறது. எடை மேலே ஏறுகிறது. இழுத்த ரப்பரை அப்படியே குளிர்நீரில் முக்கினால் அது சுருங்குவதை மறந்து நீண்டபடியே கிடக்கிறது. வெதுவெதுப்பு பட்டதும் மறுபடி சுருங்குகிறது. கண்ணால் பார்க்க இயலாதவர் உதட்டையே வெப்பமானியாக வைத்துக் கண்ட உண்மைகள் இவை. 1859-இல் ஜேம்ஸ் ஜூல் இவற்றைக் கருவிகளால் அளந்து உறுதிசெய்தார். கடையில் கிடைக்கும் ரப்பர் பேண்டு ஒன்று போதும், முதல் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம்.

இரும்புக் கம்பி சூட்டில் நீள்கிறது, ரப்பர் ஏன் சுருங்குகிறது? ரப்பரின் மூலக்கூறு இழுக்காத நிலையில் சிக்கு விழுந்த நூல்போல் சுருண்டு கிடக்கும். இழுக்கும்போது நூல்கள் நேராகி வரிசைப்படும். வெப்பம் என்பது மூலக்கூறுகளின் நடுக்கம்தான். சூடு ஏற ஏற நூல்கள் கூடுதலாகத் துள்ளிப் பழையபடி சிக்குப்போட முயலும். அந்த முயற்சிதான் சுருக்கம். காஃப் கண்ட மூன்றாவது செய்திக்கும் இதில் விடை இருக்கிறது. இழுத்து வரிசைப்படுத்திய நூல்கள் குளிரில் படிகமாக உறைந்து பூட்டிக்கொள்கின்றன. சூடு அந்தப் பூட்டைத் திறக்கிறது. வெப்பத்தால் வடிவ நினைவு மீளும் பாலிமர் என்று இன்று ஆய்வுக்கூடங்கள் வடிவமைப்பது இதைத்தான்.

மரம் ஆசியாவுக்கு வந்தது 1876-இல். ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையில் மீன்முள் வடிவில் கீறி நாள்தோறும் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். ரப்பர் நடும்படி எல்லோரிடமும் வற்புறுத்தியதால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று தோட்ட முதலாளிகள் கேலி செய்தார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் அந்தப் பேச்சை நம்பி முதல் தோட்டம் போட்டார். மோட்டார் வண்டி வந்ததும் கேலி நின்றது. 1910-இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது.

செட்டிநாட்டு வட்டிக்கடைகள் அதற்கு முன்பே அங்கே வேரூன்றியிருந்தன. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் நகரத்தார் எடுப்பித்த தெண்டாயுதபாணி கோயில் 1859-இல் குடமுழுக்குக் கண்டது. கடைகள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், பினாங்கில் பினாங்கு ஸ்ட்ரீட்டில். கிட்டங்கி என்பது நீண்டு உள்வாங்கிய ஒரே வீடு. நடுவே நடைவழி, இருபுறமும் ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது வட்டிக்கடைக்கும், ஓரிடம். தரையில் பாய், அதன் மேல் சாய்வான மூடி போட்ட சிறு மேசைப்பெட்டி, பின்னால் இரும்புப் பெட்டகம். பெட்டிக்கு முன் சம்மணமிட்டு மேலாள் உட்காருவார், பக்கத்தில் அடுத்தாள், ஏவல் செய்து கணக்குக் கற்றுக்கொள்ளப் பெட்டியடிப் பையன். பகலில் கடையாக இருந்த அதே அடி இரவில் படுக்கை. சமையல் பொது. மேலாளுக்குத் தவணை வழக்கமாக மூன்றாண்டு. அது முடிந்ததும் ஐந்தொகை போட்டுக் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பலேறுவார்.

இந்தப் பெட்டியடியில்தான் ரப்பருக்கான கடன் பிறந்தது. பால்மரம் நட்டு ஆறேழு ஆண்டு கழித்துத்தான் வெட்டுக்கு வரும். அதுவரை களையெடுக்க, கூலி கொடுக்க, சாப்பிடப் பணம் வேண்டும். ஐரோப்பியத் தோட்டங்களுக்கு லண்டன் பங்குச்சந்தை இருந்தது. பத்து ஏக்கர் மலாய்க்காரருக்கும் நூறு ஏக்கர் சீனருக்கும் வங்கிக் கதவு திறக்காது. அவர்கள் கிட்டங்கிப் படியேறினார்கள். நிலப் பட்டாவான ‘கிராண்டு’ அடமானமாக வந்தது. பர்மாவில் நெல்லுக்குச் செய்ததையே இங்கே ரப்பருக்கும் வெள்ளீயத்துக்கும் செய்தார்கள். நகரத்தாரின் வெளிநாட்டு மூலதனத்தில் 1930 வாக்கில் பர்மாவுக்கு அடுத்த இடம் மலேயாவுக்கு. ரப்பர் விலை விழும்போதெல்லாம் கடன் திரும்பாமல் நிலம் வந்து சேர்ந்தது. முதலீடாகவே தோட்டம் வாங்கியவர்களும் உண்டு. இப்படி வட்டிக்கடைக்காரர்கள் தோட்டக்காரர்கள் ஆனார்கள். விரும்பி ஆனவர்களைவிடக் கட்டாயத்தால் ஆனவர்கள் அதிகம் என்று சொன்னால் மிகையில்லை.

தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் வேறு தமிழர்கள். கங்காணி வழியாகவும், 1907-இல் தொடங்கிய குடியேற்ற நிதியின் செலவிலும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் நிரைக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு மரத்துக்கு மேல். குளிர் இருக்கும்போதுதான் பால் வடியும். வெயில் ஏறினால் நின்றுவிடும். முந்தைய நாள் கீறலில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு, நாணயக் கனத்துக்கும் குறைவான பட்டைச் சீவலை உளியால் எடுப்பார்கள். ஆழம் போனால் மரம் புண்ணாகும். மேலாகப் போனால் பால் வராது. மங்கு என்னும் கிண்ணத்தில் சேர்ந்த பாலைக் காண்டா வாளியில் ஊற்றித் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் அளந்துகொடுக்க வேண்டும்.

ஸ்டோரில் பாலோடு நீரும் சிறிது அமிலமும் கலந்தால் தொட்டியில் தயிர்போல் உறையும். உறைந்த பலகையை உருளைகளுக்கிடையே விட்டு நீரைப் பிழிவார்கள். கடைசி உருளையின் வரிப்பள்ளம் தகட்டில் பதியும். பிறகு புகைக்கூடம். விறகுப் புகையில், 50 முதல் 60 டிகிரி சூட்டில், மூங்கில் கழிகளில் துணிபோல் தொங்கவிட்டு நாலைந்து நாள் உலர்த்தினால் வெள்ளைத் தகடு தேன் நிறத்துக்கு மாறும். ரப்பர் வணிகத்தில் ‘ஷீட்’ என்றால் இதுதான். இந்தத் தகட்டுக்கு இன்னும் நிலையான நினைவு கிடையாது, கந்தகம் சேரவில்லை. அரக்கைப் போலவே சூட்டில் குழையும். அதற்கு நினைவையும், அதனால் பெரிய விலையையும் கொடுக்கிற வேலை அமெரிக்காவின் அக்ரானிலும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலும் நடந்தது. மலேயா விற்றது மறதியுள்ள ரப்பரை. அதைப் பயிரிடக் கடன் கொடுத்த செட்டிநாட்டுக்கும் அதற்கு மேலான பங்கு இருக்கவில்லை. அன்றைய காலனிய வணிகத்தின் இலக்கணம் அது.

விலை சரிந்தபோது இந்த ஏற்பாட்டின் பலவீனம் வெளிப்பட்டது. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தூக்கிப் பிடித்தது. அதன் பயனை டச்சுக்காரரின் தோட்டங்கள் அனுபவித்தன. உலகப் பெருமந்தம் வந்து 1932-இல் ஒரு பவுண்டு ரப்பர் இரண்டு மூன்று பென்சுக்கு இறங்கியது. பால் வெட்டும் கூலிக்கே கட்டவில்லை. தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கடன்பட்டவர்களின் கிராண்டுகள் கிட்டங்கிப் பெட்டகங்களில் குவிந்தன. மலாய்க்காரரின் நிலம் செட்டியாரிடம் போய்விடும் என்ற அச்சம் அரசுக்கு வந்தது. 1913-இல் போட்ட மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை 1933-இல் இறுக்கி, ஒதுக்கீட்டு நிலத்தை மற்றவர்கள் அடமானம் பிடிக்கும் வழியை அடைத்தார்கள். அரசின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. கடன் வேறெங்கும் கிடைக்காத குடியானவரிடமிருந்து அந்த ஒரே வாயிலும் பறிபோனது என்பதும் உண்மை.

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் ரப்பரின் உள்ளமைப்பு தெளிந்துகொண்டிருந்தது. ஐந்து கார்பனும் எட்டு ஹைட்ரஜனும் கொண்ட விகிதத்தை மைக்கேல் ஃபாரடே 1826-இலேயே சொல்லியிருந்தார். அந்த அலகு ஆயிரக்கணக்கில் கோத்த ஒரே நீண்ட சங்கிலிதான் ரப்பர் என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் எழுதியபோது சக வேதியியலாளர்கள் ஏற்கவில்லை. 1953-இல் அதே கருத்துக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கட்டாபெர்ச்சாவும் ரப்பரும் ஒரே அலகால் ஆனவை என்பது இதில் வியப்பான செய்தி. ரப்பரில் ஒவ்வொரு கண்ணியும் ஒரே பக்கமாக வளைந்திருக்கிறது. அதனால் சங்கிலி சுருண்டு கிடக்கிறது. கட்டாபெர்ச்சாவில் கண்ணிகள் மாறி மாறித் திரும்பியிருப்பதால் சங்கிலி நேராக நின்று, அடுக்கிய விறகுபோல் நெருங்கிப் படிகமாகிறது. ஒன்று துள்ளுகிறது, மற்றது 60 டிகிரி வரை விறைத்து நிற்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. நேசநாடுகளுக்கு ரப்பர் வரத்து ஏறக்குறைய அற்றுப்போனது. அமெரிக்கா பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்து, 1945-இல் ஆண்டு உற்பத்தியை 7 லட்சம் டன்னுக்கு மேல் கொண்டுபோனது. அது இயற்கை ரப்பரின் அச்சு அல்ல, மாற்று. மரம் செய்கிற அதே வளைவோடு சங்கிலியைக் கட்டும் கலை 1950-களின் நடுவில்தான் கைகூடியது. விமான டயருக்கு இன்றும் பால்மரத்து ரப்பரைத்தான் பெரிதும் நம்புகிறார்கள்.

போருக்குப்பின் மலேயாவில் பெருந்தோட்டங்களை வாங்கித் துண்டுபோட்டு விற்கும் வணிகம் சூடுபிடித்தது. அதில் நகரத்தாருக்கும் பங்கு உண்டு. துண்டுபட்ட தோட்டங்களில் வேலையும் குடியிருப்பும் இழந்தவர்கள் பால் வெட்டிய தமிழர்கள். தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கிக்கொள்ள வழி செய்யும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை மலேயா இந்தியர் காங்கிரசின் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கியதற்கு இந்தத் துண்டாடலே காரணம்.

மூலதனம் ஊர் திரும்பிய கதைக்கு ஒரு பெயர் போதும். 1909-இல் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியாருக்கு மலேயாவில் ரப்பர்த் தோட்டங்களும் வெள்ளீயச் சுரங்கங்களும் இருந்தன. கேரளத்தில் பஞ்சாலை, வேறு ஊர்களில் காப்பீடு, ஓட்டல், திரையரங்கு என்று தொழில் பரந்திருந்தது. 1944-இல் அவர் கொடுத்த 5 லட்ச ரூபாயில் சென்னை கிண்டியில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி பிறந்தது. வேதிப் பொறியியலும் துணிநுட்பமும் தோல்நுட்பமும் அங்கே பாடங்கள். பஞ்சும் தோலும்கூட இயற்கைப் பாலிமர்களே. பதப்படுத்தாத தோலை வெந்நீரில் இட்டால் 60 டிகிரியைத் தாண்டியதும் சட்டென்று சுருங்கும். 1947-இல் காரைக்குடியில் கல்லூரி. அடுத்த ஆண்டு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் அரசிடம் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்கு வரவழைத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊர் வாயில் அது ‘சிக்ரி’. அரிமானம், மின்கலம் ஆகியவற்றோடு மின்கடத்தும் பாலிமர்களும் அங்கே ஆய்வுப் பொருள்களாயின. கிட்டங்கியில் வட்டிக் கணக்குப் போட்ட ஊர்ப்பிள்ளைகளின் பேரர்கள் பாலிமர் சங்கிலிகளை அளக்கும் கூடத்துக்கு நடந்தே போகும் தொலைவு உண்டாயிற்று. நகரத்தாரின் கொடை கோயிலுக்கும் வேதபாடசாலைக்கும் போய்க்கொண்டிருந்த வழக்கத்தில் இது பெரிய திருப்பம்.

காஃப் உதட்டில் உணர்ந்ததை வேண்டுமென்றே செய்யும் கலை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது. கதிர்வீச்சால் பாலிஎத்திலீன் சங்கிலிகளுக்கு முடிச்சுப் போட்டு, சூட்டில் விரித்து, விரிந்தபடியே குளிரவைத்தால், மீண்டும் சூடுபடும்போது அது பழைய அளவுக்குச் சுருங்கும். ஒயர் இணைப்பின் மேல் எலக்ட்ரீஷியன் மாட்டி, சூடுகாட்டி இறுக்கும் சிறு குழாய் அதுதான். 1980-களில் ஜப்பானின் குராரே நிறுவனம் கட்டாபெர்ச்சாவின் மூலக்கூற்றையே தொழிற்சாலையில் செய்து, முடிச்சுப் போட்டு, வடிவ நினைவுப் பொருளாக விற்றது. முடிச்சு நிரந்தர வடிவத்தைக் காக்கிறது, படிகம் தற்காலிக வடிவத்தைப் பூட்டுகிறது, சூடு சாவி. ஜெர்மனியின் டார்ட்மண்ட் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2010-களில் பால்மரத்து ரப்பரிலேயே மிகச் சில முடிச்சுகள் மட்டும் போட்டு, பல மடங்கு இழுத்த நிலையில் அறை வெப்பத்தில் அப்படியே நிற்கவும், இளஞ்சூட்டில் சட்டென்று மீளவும் செய்தார்கள். முடிச்சின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்தால் எந்தச் சூட்டில் மீள வேண்டும் என்பதையும் தீர்மானிக்கலாம்.

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் பழைய கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் இடிபட்டுவிட்டன. கடலடி வடங்களுக்கு மேலுறையாக இப்போது பாலிஎத்திலீன். ஆனால் கட்டாபெர்ச்சா செட்டிநாட்டைவிட்டுப் போய்விடவில்லை. காரைக்குடியில் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொள்பவரின் பல்லுக்குள், நரம்பை எடுத்த குழியில் மருத்துவர் சூடுகாட்டி இளக்கி அடைக்கும் இளஞ்சிவப்புக் குச்சியில் ஐந்தில் ஒரு பங்கு அந்தப் பிசின். மீதியில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு.